ஒட்டியது ஏன் கழன்றது? றெசின் பூசுவதற்கு முன் பிளாஸ்ரிக் மேற்பரப்பில் செய்ய வேண்டியவை

திருத்திய இடம் இரண்டு கிழமையில் கழன்று கையோடு வந்தால், ஏச்சு முழுவதும் பசைக்குத்தான் விழுகிறது. "சாமான் சரியில்லை, கடைக்காரன் பழசைத் தந்துவிட்டான்" என்பார்கள். கழன்ற றெசின் துண்டை ஒருமுறை திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடிப்பக்கம் கண்ணாடி போல வழுவழுப்பாக, பிளாஸ்ரிக்கின் ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல் இருந்தால், அந்த றெசின் உடைந்துபோகவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. உண்மையாக ஒட்டிப் பின்னர் பாரம் தாங்காமல் பிரிந்த துண்டில் பிளாஸ்ரிக்கின் தோலோ கண்ணாடியிழையின் நாரோ சேர்ந்து வந்திருக்கும். கராஜ்களில் கழற்றிப் போடப்படும் துண்டுகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டுதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உதிரிப்பாகங்களின் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் சைட் கவர், முச்சக்கரவண்டியின் மட்காட், காரின் பம்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றாமல் ஒட்டித் திருத்துவது அப்போது கட்டாயமாக இருந்தது, இப்போது வழக்கமாகிவிட்டது. அது நல்ல வழக்கம்தான். கவர் கழன்றால் காசுதான் நட்டம். கரையிலிருந்து பல மைல் தூரத்தில் படகின் அடியில் ஒட்டிய துண்டு கழன்றால் நட்டம் காசோடு நிற்பதில்லை. இரண்டிலும் வேலை ஒன்றுதான், மேற்பரப்பைத் தயார்செய்யும் வேலை. மொத்த நேரத்தில் முக்கால்வாசி அதற்கே போக வேண்டும். றெசின் பூசுவது கடைசிக் கால்மணி நேர வேலை.

முதலில், அது என்ன பிளாஸ்ரிக்?

பிளாஸ்ரிக் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பொருட்கள். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்கு நஞ்சு. எனவே கையில் இருப்பது எது என்று தெரியாமல் அரத்தாளை எடுக்கக் கூடாது.

துண்டின் உட்பக்கத்தில் சிறிய எழுத்துகளில் அதன் இனம் அச்சாகியிருக்கும். வாகனப் பாகங்களில் இரண்டு கூரிய அடைப்புக் குறிகளுக்கு நடுவே பிபி, ஏபிஎஸ், பிசி என்ற ஆங்கில எழுத்துகளைக் காணலாம். பிபி என்றால் பொலிபுரொப்பிலீன், பிசி என்றால் பொலிகாபனேற். வாளி, போத்தல், கலன் போன்றவற்றில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரையான ஓர் இலக்கம் இருக்கும். 2 உம் 4 உம் பொலிஎத்திலீன், 5 பொலிபுரொப்பிலீன், 3 பிவிசி, 6 பொலிஸ்ரைரீன். 7 என்பது "மற்றவை". அதனால் பெரிய பயன் இல்லை.

எழுத்து தேய்ந்துவிட்டதா? வாளித் தண்ணீர் போதும். பெயின்ற் இல்லாத சிறு துண்டொன்றை வெட்டி, அதில் காற்றுக்குமிழ் ஒட்டாதபடி தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். பொலிஎத்திலீனும் பொலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் மேலே வந்துவிடும். ஏபிஎஸ், பிவிசி, நைலோன், பொலிகாபனேற் எல்லாம் மூழ்கும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது கரையெங்கும் வெண்மணிகளாக ஒதுங்கியவை பொலிஎத்திலீன் குறுணிகள். மிதக்கும் குணம்தான் அவற்றைக் கரைவரை கொண்டுவந்தது. இந்தச் சோதனையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சில பம்பர்களில் பொலிபுரொப்பிலீனோடு டல்க் தூள் கலந்திருக்கும். அந்தத் துண்டு மூழ்கினாலும் அது பொலிபுரொப்பிலீன்தான். சந்தேகம் இருந்தால் அரத்தால் உரசிப் பாருங்கள். காய்ந்த தூளாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் கண்ணாடியிழை போன்ற, மீண்டும் உருகாத வகை. பிசுபிசுத்து, நாராக எழும்பி, சூட்டில் இழுபட்டால் உருகும் வகை.

சிலர் துண்டைக் கொளுத்தி மணத்தை வைத்து இனம் காண்பார்கள். அனுபவசாலிகளிடம் அந்தத் திறமை இருப்பது உண்மைதான். ஆனால் பிவிசி எரியும்போது ஐதரசன் குளோரைட் வாயு வரும். அதை முகர்ந்து பார்க்கச் சொல்லி எவருக்கும் பழக்கக் கூடாது.

இனம் காண்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? றெசின் ஒரு பரப்பில் ஒட்டுவதற்கு முதலில் அது அந்தப் பரப்பை நனைக்க வேண்டும். தாமரை இலையில் தண்ணீர் போல உருண்டு நின்றால் எந்தப் பசையும் பிடிக்காது. நனைக்கவிடும் தன்மையை மேற்பரப்புச் சக்தி என்ற அளவால் சொல்வார்கள். பொலிபுரொப்பிலீனுக்கும் பொலிஎத்திலீனுக்கும் அது மீற்றருக்கு 30 மில்லிநியூட்டன் அளவில் நிற்கிறது. ஏபிஎஸ், பிவிசி ஆகியவற்றுக்கு 40 ஐ ஒட்டியது. எபொக்சி போன்ற திரவங்களின் இழுவிசை 40 ஐயும் தாண்டும். ஆகவே ஏபிஎஸ்ஸில் சிறிது உதவி செய்தால் எபொக்சி பரவிவிடும். பொலிபுரொப்பிலீனில் அது சுருங்கி நிற்கும். "நல்லாக உரஞ்சினால் எதுவும் ஒட்டும்" என்று சொல்வது இந்த இடத்தில்தான் பொய்த்துப் போகிறது. உரஞ்சிய பள்ளங்களுக்குள் றெசின் இறங்காவிட்டால் உரஞ்சியதில் பயன் இல்லை.

உரசும் முன் கழுவ வேண்டும்

ஒழுங்கு மாறினால் வேலை கெடும் இடம் இது. அழுக்கோடு உரசினால் எண்ணெயும் மெழுகும் அரத்தாளின் கீறல்களுக்குள் அழுத்தி ஏற்றப்படும். பின்னர் எவ்வளவு துடைத்தாலும் வெளியே வராது. முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட வேண்டும். அதன் பின்னர்தான் எண்ணெய் நீக்கும் திரவம். அதற்கும் பின்னர்தான் அரத்தாள்.

ரயருக்கும் டாஷ்போர்டுக்கும் பூசும் பளபளப்புத் திரவங்களில் பலவற்றில் சிலிக்கன் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மென்படலமாக அது தங்கிவிடும். வண்டியைக் காதலித்து வாராவாரம் மினுக்கி வைத்திருப்பவரின் கவர்தான் ஒட்டுவதற்கு ஆகக் கடினமானது! அப்படியானதை இரண்டு மூன்று தடவை கழுவித் துடைக்க வேண்டும்.

எண்ணெய் நீக்குவதற்குப் பல இடங்களில் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் எடுக்கிறார்கள். இரண்டும் ஆறிய பின் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கின்றன. மண்ணெண்ணெயில் இது இன்னும் மோசம். தின்னரும் அசெற்றோனும் ஏபிஎஸ், பொலிஸ்ரைரீன் ஆகியவற்றைக் கரைத்துவிடும். பொலிகாபனேற்றில் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் சிலந்திவலை போல ஓடும். அன்றைக்கே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. எந்தப் பிளாஸ்ரிக் என்று நிச்சயமில்லாதபோது ஐசோபுரொப்பைல் அல்ககோல்தான் ஓரளவு பயமில்லாத தெரிவு. கொரோனா காலத்துக்குப் பின்னர் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கைக்குப் பூசும் ஜெல் வேண்டாம். அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும்.

துடைக்கும் முறையிலும் விடயம் இருக்கிறது. ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால், கரைந்த எண்ணெய் திரவம் ஆவியான பின் அதே இடத்தில் மெல்லியதாகப் படியும். அழுக்கை அகற்றவில்லை, சீராகப் பரப்பியிருக்கிறோம். எனவே இரண்டு துணி வேண்டும். ஒரு கை நனைத்துத் துடைக்க, ஆவியாகும் முன்னரே மறு கை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். துணி வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும். நிறச்சாயம் கரைந்து இறங்கும் பழைய சேர்ட் துண்டு இதற்கு உதவாது.

சுத்தமானதா என்று அறியத் தண்ணீர்த் துளியே போதும். ஏபிஎஸ்ஸிலும் கண்ணாடியிழையிலும் தண்ணீர் தெளித்தால் அது படலமாகப் பரவி நிற்க வேண்டும். முத்து முத்தாகச் சுருங்கும் இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பொலிபுரொப்பிலீனில் மட்டும் எவ்வளவு கழுவினாலும் முத்தாகத்தான் நிற்கும். அது அழுக்கு அல்ல, அதன் பிறவிக்குணம். சோதித்த பின் முழுமையாகக் காயவிட மறக்கக் கூடாது.

அரத்தாளும் வெடிப்பும்

80 முதல் 120 இலக்க அரத்தாள் பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். 400 இல் தேய்த்து மினுமினுப்பாக்குவது பெயின்ற் அடிப்பதற்கு, றெசினுக்கு அல்ல. வெயிலில் வெளுத்த பிளாஸ்ரிக்கில் மேல்தோல் மாவு போல இருக்கும். அந்த இறந்த தோல் முழுவதும் போய் உள்ளேயுள்ள இயல்பான நிறம் தெரியும்வரை உரச வேண்டும். மெஷினால் வேகமாக உரசினால் உருகும் வகைப் பிளாஸ்ரிக் சூடேறி இளகி, பள்ளங்களை மூடிவிடும். கையால், அல்லது மெதுவான வேகத்தில். ஒரே திசையில் தேய்க்காமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பது நல்லது.

வெடிப்பு என்றால் அதன் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, முனையில் சுமார் 3 மில்லிமீற்றர் துளையிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய பின்னரும் வெடிப்பு அதிர்வில் முன்னோக்கி ஓடும். பிறகு வெடிப்பின் வழியே இரு விளிம்பையும் சரித்து ஆங்கில வீ வடிவில் வாய்க்கால் எடுக்க வேண்டும். இரண்டு தட்டை விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி நிற்க நடுவில் பசை விடுவதில் ஒட்டும் பரப்பு மிகச் சொற்பம். சரித்தால் அது பலமடங்காகும். முடிந்தால் உட்பக்கத்தில் கண்ணாடியிழைத் துணி ஒன்றைச் சேர்த்து ஒட்டுவது முன்பக்கத்தில் எவ்வளவு பூசுவதைவிடவும் பலன் தரும்.

சுப்பர் குளூ விட்டு அதன்மேல் அப்பச்சோடாவைத் தூவும் உபாயம் எல்லாக் கராஜ்களிலும் உண்டு. ஏபிஎஸ் கவரில், அசையாத இடத்தில், அது மோசமில்லை. நொடியில் கல்லாகும். ஆனால் கல் வளையாது. அதிரும் மட்காட்டில் விளிம்பிலிருந்தே மீண்டும் வெடிக்கும்.

பம்பர் போன்ற பொலிபுரொப்பிலீன் பாகங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பெயின்ற் கடைகளில் பிளாஸ்ரிக் பிறைமர் என்று கிடைக்கும் திரவம் ஒன்று. போத்தலில் பொலிபுரொப்பிலீனுக்கு உரியது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாவது தீச்சுவாலை. நீலச் சுவாலையின் நுனி மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சரசரவென ஓட வேண்டும். ஒரே இடத்தில் ஒரு விநாடி நின்றாலும் பிளாஸ்ரிக் பளபளத்து உருகும். அது அளவு மீறியதன் அடையாளம். சரியாகச் செய்தால் பார்வைக்கு மாற்றம் எதுவும் இருக்காது, ஆனால் முன்பு முத்தாக நின்ற தண்ணீர் இப்போது பரவும். காற்றிலுள்ள ஒட்சிசன் மேல்தோலில் பிணைவதால் வரும் மாற்றம் அது. நேரம் போகப்போக மங்கிவிடும் என்பதால் உடனேயே எபொக்சி பூச வேண்டும். அல்ககோல் துடைத்த ஈரம் காயாமல், துணியும் போத்தலும் பக்கத்தில் இருக்கத் தீயைப் பற்றவைப்பது வேறு வகையான விபத்து.

மூன்றாவது வழி றெசினை மறந்துவிட்டு அதே பிளாஸ்ரிக் கம்பியால் சூடுகாற்றில் உருக்கி ஒட்டுவது. பொலிஎத்திலீன், பொலிபுரொப்பிலீன் இரண்டுக்கும் இதுவே நீடித்து நிற்கும் என்பது எங்கள் கருத்து. கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கி பெரும்பாலும் பொலிஎத்திலீன். அதன் வெடிப்பில் பொலியெஸ்ரர் றெசினும் மற்றும் போட்டு மூடுவதைப் பார்க்கிறோம். அது ஒட்டுவதும் இல்லை; முழுமையாக இறுகாத றெசினிலிருந்து ஸ்ரைரீன் குடிக்கும் தண்ணீருக்குள் இறங்குவதற்கும் வழிசெய்கிறது. உருக்கி ஒட்டத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் தாங்கியைத் தோட்டத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள்.

தலைக்கவசத்தை எந்த வழியிலும் ஒட்டக் கூடாது. வெடித்த கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்பகுதி ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பூசும் றெசினும் துடைக்கும் தின்னரும் மிச்சமிருக்கும் வலுவையும் குறைக்கும்.

படகின் அடிப்பாகம்

2004 சுனாமிக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையாகக் கண்ணாடியிழைப் படகுகள் வழங்கப்பட்டன. மரவள்ளத்தைத் திருத்தத் தெரிந்த கைகளுக்கு அது புதுப் பொருள். பழகிக்கொண்டார்கள். இன்று வாடிகளிலேயே றெசின் கலக்கிப் படகு திருத்துகிறார்கள். திருத்தம் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் கீழே சொல்லும் சில விடயங்களில் தங்கியிருக்கிறது.

கண்ணாடியிழைப் படகு என்பது பொலியெஸ்ரர் றெசினில் ஊறிய கண்ணாடி நார். கட்டும்போது ஒரு படை முற்றாக இறுகும் முன்னர் அடுத்த படை போடப்படுவதால் இரண்டும் இரசாயன ரீதியில் ஒன்றாகின்றன. வருடங்கள் கழிந்த பின் நாம் போடும் புதிய படைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது பழைய படையின் கரடுமுரடைப் பற்றித்தான் நிற்க வேண்டும். ஆகவே நிறமான மேற்பூச்சாகிய ஜெல்கோட் மீது ஒட்டுப்போடுவது வீண். அதை முழுவதும் அகற்றி, கண்ணாடி நார் வெள்ளையாகத் தெரியும்வரை 40 முதல் 80 இலக்க அரத்தாளால் உரச வேண்டும்.

மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் ஏராவின் அடிப்பூச்சு முதலில் தேய்ந்துபோகும். நார் வெளியே தெரிந்துவிட்டால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது கடல்நீரை உள்ளே இழுக்கும். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தையும் தன்பக்கம் இழுக்கும். எனவே படகை ஏற்றியவுடன் வெயிலில் காயவிடுவது மட்டும் போதாது. முதலில் கிணற்றுத் தண்ணீரால் பலமுறை கழுவி உப்பை எடுத்துவிட்டே காயவிட வேண்டும். எத்தனை நாள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை வைத்து நான்கு பக்கமும் ரேப்பால் அடைத்து வெயிலில் ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் வியர்த்தால் இன்னும் காயவில்லை. வாடைக் காலத்து மழை நாட்களில் கூரையில்லாமல் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

சேதம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையோடு முடிவதில்லை. நாணயக் குற்றியால் சுற்றிலும் தட்டிக்கொண்டு போனால் நல்ல இடத்தில் கணீரென்றும், படைகள் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமான பகுதி முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். இயந்திரம் பூட்டும் பின்பலகைக்கு உள்ளே பல படகுகளில் பிளைவூட் இருக்கிறது. போல்ற் துளைகளால் நீர் இறங்கி அது உக்கியிருந்தால், வெளியே எத்தனை மற் போட்டாலும் இயந்திரம் ஒருநாள் பலகையோடு போகும். அங்கே பலகையை மாற்றுவதுதான் திருத்தம்.

வெட்டிய ஓட்டையின் விளிம்பைச் சரிவாக்கும் அளவு முக்கியம். தடிப்பைப்போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிய வேண்டும். படகின் உடல் 5 மில்லிமீற்றர் தடிப்பானால் ஓட்டையைச் சுற்றி 6 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சரிவு வரும். பார்ப்பவருக்கு இது நல்ல பகுதியையும் வீணாகத் தேய்ப்பதாகத் தோன்றும். ஓட்டையின் அளவுக்கே ஒட்டுவெட்டி மூடியை மாதிரிப் பொருத்தினால், அலை அடிக்கும் அடியில் அது மூடியைப் போலவே திறக்கும்.

பொலியெஸ்ரரா எபொக்சியா என்ற கேள்விக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே பழைய படகில் எபொக்சி நன்றாகப் பிடிக்கும், விலைதான் தடை. எபொக்சி போட்ட இடத்தின் மேல் பிற்காலத்தில் பொலியெஸ்ரர் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சாதாரண மற்றை ஒன்றுசேர்க்கும் பசை ஸ்ரைரீனில் கரைவதற்காகவே செய்யப்பட்டது. எபொக்சியில் ஸ்ரைரீன் இல்லை. எனவே எபொக்சிக்கு நெய்த கண்ணாடியிழைத் துணியே பொருத்தம். எபொக்சி படைகளுக்கு இடையே ஒருநாள் இடைவெளி விழுந்தால் ஈரக்காற்றில் அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு வரும். அதை அரத்தாளால் தேய்க்காமல் முதலில் வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும்.

பொலியெஸ்ரர் றெசினுக்குக் கலக்கும் இறுக்கி, நிறைப்படி 1 முதல் 2 சதவீதம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். எங்கள் வெயிலுக்கு 1 சதவீதத்தை ஒட்டிய அளவே போதும். அவசரத்துக்காகக் கூட்டினால் கொதித்து வெடிக்கும். மிகக் குறைத்தால் என்றுமே முழுதாக இறுகாது. கோபால்ற் தனியாகத் தரப்பட்டிருந்தால் அதை முதலில் றெசினில் நன்கு கலக்கிவிட்டு, அதன் பின்னரே இறுக்கியைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேருக்கு நேர் ஒன்றாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். ஒரே அளவுப் பேணியை இரண்டுக்கும் பாவிக்கக் கூடாது. இறுக்கியின் ஒரு துளி கண்ணில் தெறித்தாலே பார்வை போகக்கூடும். உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரால் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கண்ணாடி அணிந்தால் இந்தப் பயமே இல்லை. கண்ணாடியிழையை உரசும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுவது தூளுக்குப் போதாது. தூசு வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். நீளக் கைச் சட்டையும் போட்டால் இரவில் சொறிய வேண்டியிராது.

கலக்கிய றெசின் மிஞ்சினால் பேணியோடு மூலையில் வைக்காதீர்கள். திரண்டு கிடக்கும் றெசின் தன் சூட்டிலேயே புகைந்து, பிளாஸ்ரிக் பேணியை உருக்கி, பக்கத்திலுள்ள துணியையும் பற்றவைக்கும். வெளியே மணலில் மெல்லியதாக ஊற்றி விடுங்கள். இறுகிய பின் எடுத்துக் குப்பையில் போடலாம்.